புகழைத் துறந்தவரின் புகழ்

பாரசீகத்துத் தூஸ் நகரில் 1058இல் பிறந்து 1111இல் அங்கேயே மறைந்த இஸ்லாமியச் சிந்தனையாளர் இமாம் கஸ்ஸாலி, பாலக்காட்டுப் புதுநகரத்திலும் இடுக்கியின் தொடுபுழையிலும் தமிழ் பேசி வாழும் ராவுத்தர் முஸ்லிம்களுக்கு அந்நியரல்லர். ராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹபை, அதாவது மார்க்கச் சட்டத்தை விளக்கும் நான்கு மரபுகளுள் ஒன்றைப் பின்பற்றுவோர். கஸ்ஸாலியோ அண்டை மலையாள மாப்பிள்ளை முஸ்லிம்களைப் போல ஷாஃபி மரபினர். சட்ட மரபைத் தாண்டி நிற்கும் இப்புகழ், புகழாசையை நோயென்று கண்டித்த அவருடைய போதனைக்கே முரணாகாதா என்பது எண்ணிப் பார்க்கத்தக்க கேள்வி.

1091இல் பாக்தாதின் நிழாமிய்யா கல்விக்கூடத்தில் பேராசிரியராக அமர்ந்த கஸ்ஸாலியை, தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா பேருக்காகவா என்ற ஐயம் வாட்டியது. 1095இல் பாடம் சொல்ல நா எழாமல், உணவும் இறங்காமல், மருத்துவர்களும் கைவிட்ட நிலையில், மக்காவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் சிரியாவுக்குப் புறப்பட்டார் என்பது அவரே எழுதிவைத்த செய்தி. துறவுக் காலத்தில் உருவான 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலின் நாற்பது நூல்களுள் ஒன்று, 'ஜாஹ்' எனப்படும் செல்வாக்கு நாட்டத்தையும், பிறர் காண்பதற்காக வணங்கும் முகஸ்துதியையும் அடிவேர்வரை ஆராய்கிறது.

கேள்விக்கு விடையும் அங்கேயே உண்டு. புகழைத் தேடுவதே குற்றம், தேடாமல் இறைவன் தருவது குற்றமாகாது, ஆயினும் வலுவற்றவர்க்கு அது சோதனை என்று பிரித்துக் காட்டும் கஸ்ஸாலி, வெள்ளத்தில் மூழ்குவோர் நடுவே இருப்பவரை உவமையாக்குகிறார்: நீந்த வலுவில்லாதவரை மற்றவர்கள் அறிந்தால் பற்றி இழுத்து அவரையும் மூழ்கடிப்பார்கள், வலுவுள்ளவரை அறிந்தால் அவரைப் பற்றிக் கரையேறுவார்கள். புகழ்பெற்றவரின் உள்ள வலிமையே இங்கு அளவுகோல். இதைவிட நேர்மையான விளக்கம் அரிது.

ஆனைமலையில் ஊற்றெடுக்கும் நீரையும் சேர்த்துக்கொண்டு பாலக்காட்டைக் கடந்து பாரதப்புழை கடலில் கலக்கும் பொன்னானியில், மஅபர் எனப்பட்ட தமிழகக் கரையிலிருந்து வந்த மரபினரான முதலாம் சைனுத்தீன் மக்தூம், கஸ்ஸாலி வகுத்த ஆன்மிக நெறியின் சாரத்தை 'அத்கியா' என்னும் அரபுச் செய்யுளாக்கினார். அங்குள்ள பள்ளிவாசலில் தொங்கும் எண்ணெய் விளக்கைச் சுற்றி அமர்ந்து ஓதி முடித்தவர்களே முசலியார், அதாவது மார்க்க அறிஞர், என மதிக்கப்பட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த ஜாவாத் தீவினரான நவவீ அல்-பன்தானி அச்செய்யுளுக்கு உரை கண்டார். விளம்பரம் தேடாத ஒரு சிந்தனை, ஓதுவோர் வாய்வழியே இவ்வளவு தொலைவு சென்றிருக்கிறது.

இஹ்யாவின் பகுதிகள் தமிழிலும் தனித்தனி நூல்களாக வந்துள்ளன. கஸ்ஸாலியின் பெயரை மேடைகளில் எடுத்தாள்வோர், புகழாசை பற்றிய பகுதியை முதலில் படிக்க வேண்டும்.