யாரும் குனிந்து பார்க்காத இடம்

நண்பர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை மூடி மறைத்துவிட்டோம். அது பொய்யா, இல்லையா?

இந்தக் கேள்வி எனக்குச் சமய வகுப்பில் வரவில்லை. கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில், காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தபோது வந்தது.

போன செமஸ்டர் விடுமுறையில் அப்பா தன்னுடைய 18 வருடப் பழைய காரை விற்க முடிவு செய்தார். எங்கள் தாமானிலேயே இருக்கும் ஓர் ஆன்ட்டி, மகன் வேலைக்குப் போய்வர 7,000 ரிங்கிட்டுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதில் ஒரு பங்கு என் புது லேப்டாப்புக்கு. "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, டயர் குழியெல்லாம் சுத்தம் பண்ணி பெயிண்ட் அடிச்சுக் குடு" என்றார் அப்பா.

டயருக்கு மேலே, மட்கார்டுக்கு உள்பக்கம் வளைந்திருக்கும் இடம்தான் டயர் குழி. காரை வாரா வாரம் கழுவுகிறவர்கள்கூட அங்கே கை விடுவதில்லை.

வேலை சுலபம், ஆனால் பொறுமை வேண்டும். கார் தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிறகுதான் ஜாக்கி போட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே கை விடவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். டயரையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையையும் கழற்றினால், மட்கார்டின் ஓரம் உள்பக்கம் மடிந்திருப்பது தெரியும். அந்த மடிப்பில்தான் மண் சேர்ந்து கிடக்கிறது. நம் ஊர் மழைக்கு அது சரியாகக் காய்வதே இல்லை. ஈரமும் காற்றும் இரும்பும் ஒன்றாக இருந்தால் துரு வரத்தான் செய்யும்.

மண்ணைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காய விட்டேன். கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, கம்பி பிரஷ்ஷால் துருவை உதிர்த்து, 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்தேன். மிச்சமிருந்த துருவுக்கு மருந்து பூசினேன்; அது துருவைக் கறுப்பாக மாற்றி அடக்கிவிடும். பிரேக்கை பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு பிரைமர் அடித்தேன். கடைசியாக, தெறிக்கும் கல்லைத் தாங்கும் கறுப்புப் பூச்சை மெல்லிசாக இரண்டு தடவை அடித்தேன். தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைக்காமல் விட்டேன்.

மூன்று குழிகள் புதுசு போல ஆகிவிட்டன. நாலாவது, பின்பக்கம் இடது. அங்கே ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டினேன். உள்ளே போய்விட்டது! துரு தகட்டையே தின்றுவிட்டது. பெங்கெல்லில் கேட்டேன். வெட்டி எடுத்துவிட்டு புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ண 700 ரிங்கிட் ஆகுமாம்.

என் கையில் பாதி டின் கறுப்புப் பூச்சு மிச்சம் இருந்தது. கொஞ்சம் புட்டி வைத்து, மேலே அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மனசு உடனே வக்கீலாக மாறியது. "பழைய கார்னா அப்படித்தான். எல்லாரும் செய்றதுதானே. வாங்குறவங்க குனிஞ்சு பார்த்து வாங்கட்டும். நீ ஒண்ணும் பொய் சொல்லலியே."

அப்பாவிடம் போனேன். "ஓட்டை இருக்குப்பா. மூடிடலாமா?"

"மத்த மூணு பக்கமும் எதுக்கு அடிச்ச?"

"துரு பிடிக்காம இருக்க."

"இதுக்கு எதுக்கு அடிக்கப் போற?"

எனக்குப் பதில் வரவில்லை. அதே டின், அதே கறுப்பு. மூன்று இடத்தில் அது காப்பு. நாலாவது இடத்தில் அது திரை. பொருள் மாறவில்லை, என் நோக்கம்தான் மாறியிருந்தது. அதிலும், துருவை அப்படியே வைத்து மேலே மூடினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு அரித்துக்கொண்டிருக்கும். இரும்பைவிடத் துருவுக்கு அதிக இடம் வேண்டும். அது உப்பி வந்து ஒரு நாள் பூச்சைத் தள்ளிவிடும். அன்றைக்கு அந்தக் கார் எங்கள் வாசலில் நிற்காது, அவ்வளவுதான்.

அன்று இரவு திருக்குறளைப் புரட்டினேன். 28ஆவது அதிகாரம் கூடாவொழுக்கம், 29 கள்ளாமை, 30 வாய்மை. வெளிவேஷம், திருட்டு, உண்மை. மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பள்ளியில் தனித்தனியாகப் படித்தபோது எனக்கு இது தோன்றவில்லை. நான் போட நினைத்தது வேஷம். அதனால் போகப்போவது அந்த ஆன்ட்டியின் பணம். அதைப் பொய் இல்லை என்று சொன்னாலும், திருட்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? 'அவர் குனிந்து பார்க்கட்டும்' என்ற வாதமும் நிற்காது. எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரிந்தவனுக்குத்தான் பொறுப்பு அதிகம்.

மறுநாள் ஆன்ட்டியைக் கூப்பிட்டு, டயரைக் கழற்றி, கைப்பேசி வெளிச்சத்தில் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லவேளை சொன்னப்பா" என்றார். அப்புறம் 700 ரிங்கிட் குறைத்துக் கேட்டார். அப்பா சரி என்றார்.

நல்லது செய்தால் உடனே நல்லது நடக்கும் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். நடக்கவில்லை. லேப்டாப் வாங்கவில்லை, இந்தக் கட்டுரையைப் பழசில்தான் தட்டுகிறேன், அதன் விசிறி கத்திக்கொண்டே இருக்கிறது. 700 ரிங்கிட் போனது வலிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் ஒரு பூச்சுதான்.

ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்திருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் வராத அளவை வந்ததாக எழுதக் கை போகும்போதெல்லாம் அப்பாவின் குரல் கேட்கிறது: "இதுக்கு எதுக்கு அடிக்கப் போற?"

உங்கள் காரிலும் ஒரு நாலாவது குழி இருக்கும், நண்பர்களே. இந்த வார இறுதியில் கொஞ்சம் குனிந்து பாருங்களேன்.