நான்கு உள்ளங்கை நிலம்

ஒரு காருக்கும் பூமிக்கும் உள்ள உறவு நான்கு உள்ளங்கை அகலம்தான். எத்தனை குதிரைத்திறன் கொண்ட எஞ்சினாக இருக்கட்டும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்போர்ட்ஸ் காராக இருக்கட்டும், தரையைத் தொடுவது டயர்களின் அடியில் நசுங்கி விரியும் அந்த நான்கு ரப்பர்த் திட்டுகள் மட்டுமே. ஓடுவதும் நிற்பதும் திரும்புவதும் அவற்றின் தயவு. இதை நாம் அறிவோம். அறிந்ததை உணர்ந்து பார்க்க அன்றாடச் சாலையில் வாய்ப்பில்லை. வாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் விபத்து.

உணர்ந்து பார்ப்பதற்கென்றே சில இடங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் உள்ள மில்புரூக் சோதனைத் திடல் அவற்றில் ஒன்று. வாக்ஸ்ஹால் கார்களைச் செய்துவந்த ஜெனரல் மோட்டார்ஸ், தன் வண்டிகளை வதைத்துப் பார்ப்பதற்காக அமைத்து 1970-ல் திறந்த இடம். கரடுமுரடான கல்பாவிய தடம், ஒரு மைல் நீள நேர்ச்சாலை, ஆல்ப்ஸ் மலைப்பாதையை நினைவூட்டும் ஏற்ற இறக்கங்கள் என்று, ஒரு வண்டி தன் ஆயுளில் படக்கூடிய பாடுகளையெல்லாம் சில மாதங்களில் பட்டுத் தீர்க்க வேண்டிய இடம். 2006-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஆஸ்டன் மார்ட்டின் கார் ஏழு முறை உருண்டதே, அதைப் படமாக்கியதும் இங்கேதான். சோதனை வேலை இல்லாத சில நாட்களில் கார் சங்கங்கள் திடலை வாடகைக்கு எடுக்கின்றன. சொந்தக் காரோடு உறுப்பினர்கள் வந்து சேர்கிறார்கள். அதைத்தான் டிராக் டே என்கிறார்கள்.

டிராக் டே பந்தயம் அன்று. முதல் பரிசு இல்லை, கடைசி இடமும் இல்லை. சுற்று நேரத்தைக் கணக்கிடுவதைப் பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் அனுமதிப்பதில்லை. முன்னால் போகிறவர் இண்டிகேட்டர் போட்டு இசைவு தெரிவித்தால்தான் பின்னால் வருகிறவர் முந்தலாம். சோதனைத் திடல்களில் இதற்கு மேலும் ஒரு வழக்கம் உண்டு. சந்தைக்கு வராத புதிய வண்டிகள் எங்கேனும் நின்றுகொண்டிருக்கலாம் என்பதால், வாயிலிலேயே கைப்பேசியின் லென்ஸ் மீது ஒரு சிறு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். கம்பெனி ரகசியத்தைக் காக்கச் செய்கிற அந்தக் காரியம், வந்தவருக்கு அறியாமலே ஓர் உபகாரம் செய்துவிடுகிறது. கடிகாரமும் இல்லை, கேமராவும் இல்லை. யாரிடமும் காட்ட முடியாத, எண்ணாக்கிச் சொல்லவும் முடியாத வேகம் மட்டுமே கையில் மிஞ்சுகிறது. காட்டுவதற்காகவே வாழ்ந்து பழகிவிட்ட நமக்கு, சாட்சியே இல்லாத ஒரு செயலில் நம்மை ஈடுபடுத்திக்கொள்வது முதலில் சிறிது வெறுமையாகக்கூட இருக்கலாம். பிறகுதான், இவ்வளவு செலவு செய்து நாம் இங்கே எதைத் தேடி வந்தோம் என்ற கேள்வி எழுகிறது.

மில்புரூக்கில் ஒரு வட்டத்தடம் உண்டு. சுற்றளவு இரண்டு மைல். ஐந்து வழிகள். வெளியே போகப் போகத் தளம் கிண்ணத்தின் விளிம்பு போல நிமிர்ந்துகொண்டே போகும். விளிம்பு வழியில் மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஸ்டியரிங்கைத் திருப்பவே வேண்டாம். வெளியே தள்ள முயலும் வேகமும் உள்ளே சாய்க்கும் சரிவும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிட, கார் நேர்ச்சாலையில் போவதுபோலத் தானாக வட்டமடிக்கும். மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் 2021 ஜூனில் திறக்கப்பட்ட நாட்ராக்ஸ் அதிவேகத் தடத்திலும் இதே கணக்குத்தான். 11.3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நீள்வட்டத்தின் வளைவுகளில் இந்தச் சமநிலை வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர்.

ஒரு நொடிக்கு 44 மீட்டர் கடந்துகொண்டிருக்கும்போது ஸ்டியரிங்கில் கை சும்மா கிடக்கும் அனுபவம் மயக்கம் தரக்கூடியது. நான் எவ்வளவு நன்றாக ஓட்டுகிறேன் என்று அந்தக் கணத்தில் எவருக்கும் தோன்றும். உண்மையில் ஓட்டுவது நாம் அல்ல. என்றோ ஓர் அறையில் உட்கார்ந்து, எந்த வேகத்துக்கு எத்தனை பாகை சரிவு என்று கணக்கிட்ட பொறியாளர் ஓட்டுகிறார். நம் வாழ்விலும் இப்படிச் சில காலங்கள் வாய்க்கின்றன. பெற்றோர் போட்டுவைத்த சரிவு, படித்த பள்ளி போட்ட சரிவு, பிறந்த தெருவும் சாதியும் பணமும் போட்ட சரிவு. இவை தாங்கிக்கொள்ள, எந்த முயற்சியும் இன்றி வளைவுகளைக் கடந்துவிடுகிறோம். கடந்தது நம் திறமை என்று நம்புகிறோம். அதே வளைவு சரிவில்லாத தரையில் எதிர்ப்பட்டு ஒருவர் தடம் விலகிப்போனால், அவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். வட்டத்தடத்தில் நாள் முழுதும் சுற்றினாலும் ஒருவர் தம்மைப் பற்றி அறிந்துகொள்வது மிகக் குறைவு. டிராக் டேக்கு வருகிறவர்களில் பலர் அதைத்தான் அதிகம் கொண்டாடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

அறிவு தொடங்குவது மலைப்பாதையில்.

அங்கே முதலில் தெரியவருவது, டயரின் பிடி என்பது ஒரே இருப்பு என்பது. பிரேக்குக்கு என்று தனியாக ஒரு பிடி, திருப்பத்துக்கு என்று தனியாக ஒரு பிடி இல்லை. மாதச் சம்பளம் முழுவதும் வாடகைக்குப் போய்விட்டால் மளிகைக்கு மிஞ்சாததுபோல, முழுப் பிடியையும் பிரேக்குக்குக் கொடுத்தவர் ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் திரும்பாது, முன்சக்கரங்கள் கோணலாக நின்றபடி நேரே வழுக்கிக்கொண்டு போகும். பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்தால்தான் திருப்பத்துக்கு ஏதாவது கிடைக்கும். வளைவின் உச்சத்தில் முழுவதையும் திருப்பத்துக்குத் தந்துவிட்டு, சாலை நேராக நேராக ஆக்ஸிலரேட்டருக்குத் தவணை தவணையாகத் திருப்பித் தர வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கேட்கிறவருக்கு எதுவும் கிடைக்காது என்பது இங்கே அறிவுரை இல்லை, இயற்பியல். கவனமும் அன்பும் காலமும்கூட இத்தகைய ஒற்றை இருப்புகள்தாம் என்பதையும், ஒன்றுக்கு அள்ளிக் கொடுத்தது இன்னொன்றிலிருந்து எடுத்ததே என்பதையும், நமக்கு இருப்பது குறைவு என்று வாழ்நாள் முழுதும் நொந்துகொள்ளும் நாம் பல சமயம் குறையாக வைத்திருப்பது இருப்பை அல்ல, பங்கிடும் முறையைத்தான் என்பதையும் அந்த வளைவு நம் முதுகெலும்பின் வழியாகச் சொல்கிறது.

இரண்டாவது பாடம் அச்சத்தைப் பற்றியது. எதிர்பார்த்ததைவிட வேகமாக ஒரு வளைவுக்குள் நுழைந்துவிட்டோம். உடம்பு பதறுகிறது. கால் சட்டென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுபடுகிறது. அந்த நொடியில் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது; பின் டயர்களின் மேலிருந்த அழுத்தம் குறைகிறது; அழுத்தம் குறைந்த டயருக்குப் பிடியும் குறைவு என்பதால் வண்டியின் வால் வெளியே வீசுகிறது. எஞ்சினைப் பின்னால் சுமக்கும் போர்ஷே 911 இந்த விஷயத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெயர் வாங்கிய கார். ஆபத்தைக் கண்டதும் பின்வாங்கு என்று லட்சக்கணக்கான ஆண்டுகளாக நம் உடம்பில் எழுதிவைத்த கட்டளைதான் அங்கே ஆபத்தை வரவழைக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் அப்போது ஒரே ஒரு சொல்தான் சொல்வார்: "பாரு." எதை? மோதிவிடுவோமோ என்று அஞ்சும் மரத்தை அல்ல, போய்ச் சேர வேண்டிய திருப்பத்தின் முடிவை. கண் எங்கே போகிறதோ கை அங்கே போகிறது, கை போன இடத்துக்கு வண்டி போகிறது. மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் மரத்தைத்தான் அடைவார்.

வள்ளுவர் வலியறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்தார். செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணை நிற்பவரின் வலிமை ஆகிய நான்கையும் தூக்கிப் பார்க்கச் சொன்னார். மயிலிறகுதான் என்றாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்றும் எச்சரித்தார். மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த நான்கில் தன் வலிமை மட்டும் உட்கார்ந்த இடத்தில் எடைபோட்டுவிடக் கூடியதாக இல்லை. அங்கே தராசும் தாமே, சரக்கும் தாமே. எனக்கு இவ்வளவு முடியும் என்று ஒருவர் நினைப்பதற்கும் அவருக்கு முடிவதற்கும் நடுவே உள்ள தூரம், எல்லையை நெருங்கி, அது லேசாக நழுவுவதைத் தொட்டு, திரும்பி வந்த பிறகுதான் தெரிகிறது. அப்படி நெருங்கும்போது நம் பிசகுக்கு நாம் மட்டுமே விலை கொடுக்கும்படி ஓர் இடம் வேண்டும். எதிரே யாரும் வராத, நடுவில் ஆடுமாடு குறுக்கிடாத, ஓரத்தில் பள்ளிப் பிள்ளைகள் நடக்காத, தடம் விலகினால் புல்லில் போய் நிற்கக்கூடிய இடம். தன்னை அறிவது நெடுங்காலமாகத் தனிமனித தர்மமாகவே நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. அறிந்துகொள்ளும் அந்த முயற்சியின் செலவைப் பிறர் தலையில் கட்டாமல் இருப்பதும் அதே தர்மத்தின் பாதி என்பதை நாம் அவ்வளவாகச் சிந்தித்ததில்லை.

எல்லையைத் தொட்டுத் திரும்பியவர்கள் எப்படி ஆகிறார்கள் என்பதற்கு பந்தய ஓட்டுநர் ஜாக்கி ஸ்டூவர்ட்டைப் பார்க்கலாம். 1966-ல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில், முதல் சுற்றிலேயே கொட்டிய மழையில் அவருடைய கார் தடம் விலகி நொறுங்கியது. பெட்ரோல் கசிந்து உடம்பை நனைத்துக்கொண்டிருக்க, ஸ்டியரிங் காலை அழுத்திப் பிடித்திருக்க, அவரை வெளியே எடுக்க அங்கே யாரும் இல்லை. அதே மழையில் சறுக்கி நின்ற சக ஓட்டுநர்கள்தான், வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பானர் வாங்கி வந்து கழற்றி மீட்டார்கள். அதன் பிறகு தடுப்பு வேலி வேண்டும், மருத்துவர் வேண்டும், சீட் பெல்ட் வேண்டும் என்று அவர் போராடினார். கோழை என்று ஏசினார்கள். ஏசப்பட்ட அந்த மனிதர் 1969, 1971, 1973 என்று மூன்று முறை உலக சாம்பியன் ஆனார். தம் காலத்தின் மிக வேகமான மனிதர்களில் ஒருவர்தான் வேலி கேட்டார். வேலி எதற்கு என்று கேட்டவர்களில் பலர் அந்த வேகத்தில் ஒருமுறையும் போயிராதவர்கள். துணிச்சல் என்று நாம் வியக்கும் பலவும் எல்லை எங்கே இருக்கிறது என்று தெரியாததன் விளைவே அன்றி வேறில்லை என்பதற்கும், எல்லையை மெய்யாகவே கண்டவரிடம் வேகமும் எச்சரிக்கையும் பகையின்றி ஒரே உடம்பில் குடியிருக்க முடியும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரியவில்லை.

டிராக் டே வசதி படைத்தவர்களின் விளையாட்டு அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே நாளில் டயரைத் தேய்த்துத் தீர்க்க எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்? அந்த வசதி படைத்தவர்கள்கூட, சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஒரு பந்தயத் தடம் இருந்தும், விடியற்காலைக் கிழக்குக் கடற்கரைச் சாலையையே தேர்ந்தெடுப்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். தடத்தில் வேடிக்கை பார்க்க ஆள் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். எல்லையை அறியும் உரிமை ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவரைவிட இவர்களுக்குத்தானே முதலில் சேர வேண்டும்? ஆஸ்திரியாவில் 2003 முதல், உரிமம் பெற்ற புது ஓட்டுநர் முதல் ஆண்டுக்குள் மீண்டும் வந்து பாதுகாப்புப் பயிற்சித் தடத்தில் ஒரு நாள் கழித்தாக வேண்டும் என்பது சட்டம். வழுக்கும் தளத்தில் பிரேக்கை முழுதும் மிதித்தால் வண்டி என்ன செய்யும் என்பதை அவர் அங்கே, யாரையும் இடிக்காமல், தெரிந்துகொள்கிறார். நம் ஊரில் ஆர்டிஓ அலுவலகத்து மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டினால் போதும். நடப்பதைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில், காய்ந்த தரையில், காலைக் கீழே ஊன்றாமல் ஓர் எட்டு. அட்டை வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஈரத் தாரில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குவது எப்படி இருக்கும் என்பதை நம் பிள்ளைகளில் பலர் முதன்முதலாக அறிவது, எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருக்கும்போதுதான்.