நிக்காஹும் நீதியும்

ஒரே பாலைச் சேர்ந்த இருவர் சேர்ந்து வாழ்வதைச் சட்டம் குடும்பமாக ஏற்கலாமா? நம் இல்லங்களிலும் இந்தப் பேச்சு எழத்தான் செய்கிறது. ஆத்திரப்படாமல் சற்று ஆராய்வோம்.

முதலில் நடந்தவற்றைத் தெரிந்துகொள்வோம். வயது வந்தவர்கள் மனமொத்துக் கொள்ளும் இவ்வுறவு குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் தீர்ப்பளித்தது. ஆனால் திருமண உரிமை கோரிய வழக்கில், 2023 அக்டோபர் 17-ல் ஐந்து நீதிபதிகளுமே அதை வழங்க மறுத்தனர். கூட்டாகத் தத்தெடுக்கும் உரிமையும் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மறுக்கப்பட்டது. அந்த வழக்கில் சமயத் தனிச்சட்டங்களுக்குள் நுழையப் போவதில்லை என்று நீதிமன்றம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டது. எனவே நம் நிக்காஹ் அங்கே கேள்விக்குள்ளாகவில்லை. 2024-ல் மத்திய அரசு, இத்தகையோர் குடும்ப அட்டையில் ஒரே குடும்பமாக இடம் பெறலாம், வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம் என்று தெளிவுபடுத்தியது.

நிக்காஹ் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஒப்பந்தம். ஷரீஅத் வகுத்த இந்த வரம்பை மாற்ற நமக்கு அதிகாரமில்லை. ஆனால், 'இது நிக்காஹ் ஆகுமா?' என்பது ஒரு கேள்வி. 'இவர்களுக்கு அநீதி இழைக்கலாமா?' என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குரிய விடையையே இரண்டாவதற்கும் சொல்லிவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ரேஷன் அரிசியும், நோயுற்ற துணையின் படுக்கையருகே நிற்பதும் வாழ்க்கையின் சாதாரணத் தேவைகள். அவற்றைப் பிறருக்கு மறுப்பதால் நம் மார்க்கம் வலுப்பெறுமா? நம் தனிச்சட்டத்தில் பிறர் கை வைக்கலாகாது என்று கேட்கும் நாம், பிறர் தம் வாழ்வுக்காகப் பொதுச் சட்டத்திடம் கேட்பதைப் பகைக்கலாமா? பகைமை நம்மை நீதியிலிருந்து பிறழச் செய்யலாகாது என்பது அல்மாயிதா அத்தியாயத்தின் கட்டளையன்றோ!

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. தன் தோழியோடு வாழ விரும்பிய 25 வயதுப் பெண், வீட்டார் தன்னைப் பலவந்தமாகக் கொண்டுபோய் அடித்ததாக முறையிட்டாள். அவள் விருப்பப்படி செல்ல நீதிமன்றம் அனுமதித்தது. அவள் எந்தச் சமயத்தவள் என்று நாம் கேட்க வேண்டியதில்லை. அந்தத் தாழிட்ட கதவு எந்த வீட்டிலும் இருக்கக்கூடும்.

நம்மவர் சிலர் கையாளும் பரிகாரம் ஒன்றுண்டு. 'ஒரு நிக்காஹைச் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பார்கள். மகனின் மனத்தை அறிந்தும் மறைத்து, ஒன்றுமறியாத பெண்ணை மருமகளாகக் கொண்டுவருகிறார்கள். அவள் கண்ணீருக்கு யார் பொறுப்பு? தம் விருப்பமின்றித் தந்தை மணமுடித்து வைத்ததாக முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் நிக்காஹை நாயகம் (ஸல்) அவர்கள் ரத்து செய்தார்களே! சம்மதமின்றிச் செய்வதும், குறையை மறைத்துச் செய்வதும் நிக்காஹின் கண்ணியத்தைக் காப்பதாகுமா? நிக்காஹை வெளியார் கெடுப்பார்கள் என்று அஞ்சும் நாம், நம் கையாலேயே அதைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெற்றோர்களே! மார்க்கத்தின் வரம்பைப் பிள்ளைகளுக்கு அன்போடு எடுத்துரையுங்கள். அதற்குமேல் அடியும் பூட்டும் வேண்டாம். பிறர் வீட்டுப் பெண்ணைப் பலியிடவும் வேண்டாம். உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நீதி தவறாமல் வாழ அவன் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.