நொறுங்கக் கற்ற கார்

நெடுஞ்சாலையோரம் முன்பக்கம் சப்பையாகி நிற்கும் புதுக் காரைப் பார்த்தால் நம்மவர்கள் சொல்வது ஒன்றுதான்: "இப்பல்லாம் வெறும் தகரம்ங்க. அந்தக் காலத்து அம்பாசடர் மாதிரி வருமா?" வண்டி கெட்டியாக இருந்தால் உள்ளே இருப்பவரும் பத்திரமாக இருப்பார் என்ற நம்பிக்கை அதில் ஒளிந்திருக்கிறது. 1950கள் வரை உலகெங்கும் கார் கட்டியவர்களில் பெரும்பாலோரும் அப்படித்தான் நம்பினார்கள். அந்த நம்பிக்கையைப் புரட்டிப்போட்ட வேலை ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அருகே சிண்டல்ஃபிங்கனில், மெர்சிடிஸ்-பென்ஸ் தொழிற்சாலையில் நடந்தது. அந்த நிறுவனத்தின் மூன்றுமுனை நட்சத்திரம் பலருக்குப் பணக்காரத்தனத்தின் சின்னம். என்னைக் கேட்டால், அதன் மிகப் பெரிய கொடை, மோதலில் கார் எப்படி நொறுங்க வேண்டும் என்று கண்டு சொன்னதுதான்.

கணக்கைப் பார்த்துவிடலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர். அந்த வேகத்தில் சுவரில் மோதும் காருக்குள் சீட் பெல்ட் போட்ட ஒருவர் இருக்கிறார். முன்பக்கம் கெட்டியாக இருந்து அவருடைய உடல் 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், அவர் மேல் விழும் விசை அவருடைய எடையைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. அதே முன்பக்கம் 60 சென்டிமீட்டர் மடங்கிக்கொடுத்தால் அது பதினாறு மடங்காகக் குறைந்துவிடும். வேகம் அதேதான், ஆளும் அதே ஆள்தான். நிற்பதற்குக் கிடைத்த தூரம் மட்டும் மாறியிருக்கிறது. வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொள்வதும் இதற்காகத்தான். கார் மடங்காவிட்டால் அந்த ஆற்றலை விலா எலும்பும் கழுத்தும்தான் வாங்கியாக வேண்டும்.

இவ்வளவு எளிய கணக்கு தொழிலுக்குள் வர ஏன் அவ்வளவு காலம் பிடித்தது? மெர்சிடிஸின் முன்கதையைப் பார்த்தால் காரணம் புரியும். 1886 ஜனவரி 29 அன்று மன்ஹைமில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதே ஆண்டு கான்ஷ்டாட்டில் காட்லீப் டைம்லர் குதிரை வண்டி ஒன்றில் எஞ்சினைப் பொருத்தினார். 1901இல் டைம்லர் நிறுவனத்தின் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த 35 குதிரைத்திறன் வண்டி, வியாபாரி எமில் யெல்லினெக்கின் மகள் மெர்சிடிஸின் பெயரைத் தாங்கி வந்தது. 1926இல் இரு நிறுவனங்களும் இணைந்தன. ஓடவைப்பது, இன்னும் வேகமாக ஓடவைப்பது என்பதே அந்த நாற்பது ஆண்டுகளின் தாகம். நிற்பதைப் பற்றிய அக்கறை ஆங்காங்கே மட்டும் தென்படுகிறது. 1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்தா, மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோக, வழியில் செருப்புத் தைப்பவரைக் கொண்டு அவற்றின் மேல் தோல் அடிக்கச் செய்தார். கார் வரலாற்றின் முதல் பிரேக் லைனிங் அது. அந்தப் பயணத்தை வெறும் சாகசமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அந்த அக்கறையைத் தொழிலின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் பொறியாளர் பேலா பரேனி. 1907இல் வியன்னாவுக்கு அருகே ஹிர்டன்பெர்கில் பிறந்தவர். 1939இல் டைம்லர்-பென்ஸில் சேர்ந்தார். நேர்காணலில் அந்த நிறுவனத்தின் கார்களில் அச்சு, ஸ்டீயரிங், பாடி என ஒவ்வொன்றிலும் என்ன தவறு என்று அடுக்கினார் என்றும், இப்படிப்பட்டவர்தான் வேண்டும் என்று அதிகாரி வில்ஹெல்ம் ஹாஸ்பெல் சேர்த்துக்கொண்டார் என்றும் சொல்வார்கள். அந்த ஆண்டே போர் மூண்டது. மனித உடலைக் காப்பது பற்றிய கதையில் ஒன்றை மறைக்கக் கூடாது: போர்க்காலத்தில் இதே நிறுவனம் பல்லாயிரம் பேரைக் கட்டாய உழைப்பில் வதைத்தது. போர்க்கைதிகளும் வதைமுகாம் கைதிகளும் அதில் அடக்கம். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1980களில்தான் நிறுவனம் அதை முறையாக ஆராயவைத்து இழப்பீட்டுக்குப் பணம் ஒதுக்கியது.

1951இல் பரேனி ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மறு ஆண்டு கிடைத்தது. காரை மூன்று பகுதியாகப் பிரித்துப் பார் என்பது அதன் சாரம். நடுவில் மனிதர்கள் இருக்கும் கூடு எதற்கும் வளையாத அளவு கெட்டியாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் இருப்பவை மோதலின் ஆற்றலை விழுங்கிக்கொண்டு மடங்க வேண்டும். எல்லாமே இளக்கமாக இருந்தால் கூடும் சேர்ந்து நசுங்கும். எல்லாமே கெட்டியாக இருந்தால் உள்ளே இருப்பவர் நசுங்குவார். எங்கே வளைய வேண்டும், எங்கே வளையக் கூடாது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதில்தான் அவருடைய மேதைமை. 1959இல் வந்த மெர்சிடிஸின் டபிள்யூ 111 கார் வரிசை இதைச் சாலைக்குக் கொண்டுவந்தது. ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங் செலவைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம்: அந்தத் தகடு மடங்கியது அதன் பலவீனத்தால் அல்ல, அதற்கு இட்ட வேலையே அதுதான்.

கணக்கு சரி, நிஜத்தில் நடக்குமா என்று மோதிப் பார்த்தால்தானே தெரியும்? 1959 செப்டம்பரில் சிண்டல்ஃபிங்கனில் மோதல் சோதனைகள் தொடங்கின. திறந்தவெளியில், கிளைடர் விமானங்களை இழுத்து ஏவும் சாதனத்தைக் கொண்டு காரை இழுத்துத் தடுப்பில் மோதவிட்டார்கள். பிறகு, அழுத்தத்தில் சூடேற்றிய நீர் ஆவியாகிச் சீறும் வேகத்தில் காரைத் தள்ளும் ராக்கெட்டைப் பின்னால் கட்டினார்கள். உருளும் காரையும் எதிரெதிராக மோதும் கார்களையும் படம்பிடித்துப் படிப்படியாகப் படித்தார்கள்.

அதிலும் ஒரு குறை இருந்தது. சுவர் சோதனையில் காரின் முன்பக்கம் முழு அகலத்துக்கும் மோதுகிறது. 1969 முதல் நிறுவனத்தின் பொறியாளர்கள் நிஜ விபத்து இடங்களுக்கே போய், சிதைந்த கார்களை அளந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. எதிரே வரும் வண்டியைத் தவிர்க்க ஓட்டுநர் கடைசி நொடியில் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார். அதனால் பெரும்பாலான நேர்மோதல்கள் பாதி முகத்தில்தான் விழுகின்றன. முழு அகலம் தாங்க வேண்டிய அடியை ஒரு பக்கத்துச் சட்டம் மட்டும் வாங்குகிறது. 1979இல் வந்த புதிய தலைமுறை எஸ் கிளாஸ் கார் இந்த அரைமுக மோதலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது: ஒரு பக்கத்தில் விழும் அடியைத் தரைப்பகுதி, நடுத்தண்டு, பக்கச் சுவர் எனப் பல வழிகளில் பிரித்துவிடும்படி முன்சட்டம் கவையாகக் கிளைத்தது. இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது இந்தக் கட்டத்தைத்தான். தங்கள் சோதனையில் தேறிய காரே சாலையில் தோற்கக்கூடும் என்று ஒப்புக்கொள்ளப் பொறியாளருக்குத் துணிவு வேண்டும்.

கட்டமைப்போடு கருவிகளும் வந்தன. 1978இல் பாஷ் நிறுவனத்துடன் சேர்ந்து முந்தைய எஸ் கிளாஸில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு ஏபிஎஸ் பிரேக் வந்தது. 1981 வாக்கில் ஓட்டுநருக்கு ஏர்பேக், கூடவே பெல்ட்டை இறுக்கும் கருவி. எல்லாவற்றையும் மெர்சிடிஸே முதலில் கண்டதாகச் சொன்னால் அது பொய். மூன்றுமுனை சீட் பெல்ட் வால்வோவின் நீல்ஸ் போலினுடையது. ஏர்பேக்கை ஜெனரல் மோட்டார்ஸ் 1970களிலேயே விற்றுப் பார்த்துக் கைவிட்டது. மெர்சிடிஸ் செய்தது, பெல்ட்டும் பையும் ஒன்றுக்கொன்று துணையாக வேலை செய்யும்படி அமைத்து, விடாமல் நிலைநிறுத்தியது.

ஆனால் ஏபிஎஸ்ஸுக்கு அன்று தனிக் காசு கொடுக்க வேண்டும். ஏர்பேக்கும் அப்படியே. உயிர் காக்கும் கருவி தோல் இருக்கையைப் போல விருப்பப் பட்டியலில் இருந்தது. அந்த வழக்கத்தை உடைத்தது ஓர் அவமானம்.

1995இல் பன்னிரண்டு சிலிண்டர் எஸ் 600 கூப்பேயில் இஎஸ்பி என்ற சறுக்கல் தடுப்பு அமைப்பு அறிமுகமானது. பாஷ் நிறுவனத்தின் ஆண்டன் வான் சாண்டனின் குழுவும் மெர்சிடிஸும் சேர்ந்து உருவாக்கியது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பிய திசையையும் கார் உண்மையில் திரும்பும் திசையையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் பிசகினால் தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும். 1997இல் நிறுவனம் ஏ கிளாஸ் என்ற சிறிய, உயரமான காரைக் கொண்டுவந்தது. அதில் இஎஸ்பி இல்லை. அக்டோபரில் சுவீடனின் டெக்னிகென்ஸ் வார்ல்ட் இதழ், சாலையில் திடீரென மூஸ் மான் குறுக்கிட்டால் விலகித் திரும்புவது போன்ற தன் வழக்கமான சோதனையில் அதை ஓட்டியது. கார் கவிழ்ந்தது. முதலில் மழுப்பிய நிறுவனம் பிறகு விற்பனையை நிறுத்தி, சஸ்பென்ஷனைத் திருத்தி, எல்லா ஏ கிளாஸ் கார்களிலும் இஎஸ்பியைக் கூடுதல் விலையின்றிப் பொருத்தியது.

கோடீஸ்வரர் காரில் அறிமுகமான அமைப்பு அந்நிறுவனத்தின் மிகச் சிறிய காரில் கட்டாயமாகிவிட்ட பிறகு, நடுத்தர விலைக் கார்களுக்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை. 1999இல் மெர்சிடிஸின் எல்லாக் கார்களிலும் அது நிலையான அம்சமானது. மற்ற நிறுவனங்களின் சிறிய கார்களிலும் மெல்லப் பரவியது. 2014 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய கார் ஒவ்வொன்றிலும் அதைச் சட்டம் கட்டாயமாக்கியது.