வலிப்பு நோயும் விஞ்ஞானக் கல்வியும்

உண்மையைத் தேடுவதே விஞ்ஞானம். ஆயினும், அதனைப் பயில விரும்பும் ஒருவர் தம் உடல்பற்றிய உண்மையை மறைத்தே ஆய்வுகூடத்தினுள் நுழைய வேண்டியிருப்பின், அது எவரது ஒழுக்கக் குறைபாடு? வலிப்பு நோயுடையோரின் கல்வியையும் தொழிலையும் பற்றிச் சிந்திப்போர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய வினா இதுவேயாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலண்டனில் வாழ்ந்த மருத்துவர் ஒருவரின் வரலாறு இங்கு நோக்கற்பாலது. வலிப்பு நோயினரான அவர், தமக்கு நேர்ந்தவற்றைத் தாமே அவதானித்து எழுதினார். நரம்பியல் அறிஞர் ஹியூலிங்ஸ் ஜக்சன் 1888இல் அக்குறிப்புகளை வெளியிட்டபோது, அவரது பெயரை மறைத்து 'இசட்' என்ற ஓரெழுத்தாற் சுட்டினார். ஒருமுறை நோயாளி ஒருவரைச் சோதிக்க முற்படுகையில் 'இசட்' வலிப்புக்காளானார், வீழாமலே நினைவிழந்தார். பின்னர் அந்நோயாளியைக் கண்டபோது, நுரையீரல் அழற்சி எனத் தாமே முன்னர் நிர்ணயித்திருந்தமையை அறிந்தார். மீண்டும் சோதித்தார், முடிவு மாறவில்லை. 1894இல் அவர் இறந்தபின், மூளையின் இடப்புறத்திற் சிறு பழுதொன்று கண்டறியப்பட்டது. அவரது குறிப்புகளும் அப்பழுதும் இணைந்து இந்நோய்பற்றிய அறிவை வளர்த்தன.

இதனைக்கொண்டு வலிப்பினால் ஆபத்தில்லை என வாதிடுதல் பொருந்தாது. அன்று நிர்ணயம் பிழைத்திருப்பின் துன்புற்றிருப்பவர் அந்நோயாளியே. அமிலமும் சுடரும் உள்ள இடத்தில் எச்சரிக்கை இன்றியமையாதது. ஆயினும் எச்சரிக்கை வேறு, விலக்கு வேறு. தாக்கம் எத்துணை காலத்துக்கு ஒருமுறை வருகின்றது, மருந்துக்குக் கட்டுப்படுகின்றதா, செய்யவேண்டிய பணி யாது என்பவற்றை ஆராய்ந்து ஆளுக்கேற்ப முடிவு செய்வது எச்சரிக்கை. நோயின் பெயரைக் கேட்டதும் கதவை அடைப்பது விலக்கு. தக்க சிகிச்சை பெறின், இந்நோயுடையோருள் 70 சதவீதம் வரையினர் வலிப்பின்றி வாழலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பாகும்.

மேலும், விலக்கு பாதுகாப்பையும் தருவதில்லை. உரைத்தால் இடமில்லை எனின், மாணவர் உரையார். உரையாதவிடத்து அருகிலிருப்போர் செய்வதறியார்; சுடரை அணைத்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டியோர், கையில் இரும்பைத் திணித்து நிற்பர். பாதுகாப்பின் பெயரால் விதித்த தடையே ஆபத்தை மறைவில் வளர்த்துவிடுகின்றது.

ஆதலின், மாணவரிடம் வாய்மையை எதிர்பார்க்கும் நிறுவனம், அவ்வாய்மைக்குத் தண்டனை விதியாதிருத்தல் முதற்கடமையாகும். 'இசட்' தம் நோயையே அறிவுக்கு ஈந்தார்; தம் பெயரை ஈயத் துணியவில்லை. பெயரை மறையாது கற்கவும் பணியாற்றவும் வழி செய்தலே அவருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.