எது இடம் மாறுகிறது?

மேசைக் கணினியில் உள்ள 60 ஜிபி கல்யாண வீடியோவை மடிக்கணினிக்கு மாற்ற ஒருவர் பென் டிரைவைச் செருகுகிறார். அது ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டும் ஒற்றைக் கோப்பை ஏற்காது. அதைவிட லேன் கேபிள் மேல். கிகாபிட் இணைப்பில் சுமார் பத்து நிமிடம்தான்.

அந்தப் பத்து நிமிடத்தில் எது போனது? ஒரே வட்டின் ஒரே பகுதிக்குள் 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்தால் தரவு அசைவதே இல்லை, இருப்பிடக் குறிப்பு மட்டும் மாறுகிறது. இன்னொரு கணினிக்கு என்றால் அங்கே புதிதாக எழுதப்படுகிறது. பிறகு இங்கே பழையது நீக்கப்படுகிறது. பயணம் போனது எதுவுமில்லை.

பாலி நூலான மிலிந்த பன்ஹாவில் அரசன் மிலிந்தன் துறவி நாகசேனரிடம் கேட்பதும் ஏறக்குறைய இதுதான்: எதுவும் கடந்து செல்லாமல் மறுபிறவி எப்படி? ஒரு விளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றுவதைத் துறவி சுட்டிக்காட்டுகிறார். கீதை சொல்லும் ஆன்மாவோ பழைய ஆடையைக் களைந்து புதியதை உடுத்துகிறது. அங்கே கடந்து செல்ல ஒன்று உண்டு. கோப்பைப் பொறுத்தவரை நாகசேனரே சரி.

ஆனால் சுடர் பற்றியதா என்று பார்க்க வேண்டுமே! இரு பிரதிகளுக்கும் எஸ்ஹெச்ஏ-256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, இரண்டு எண்களும் ஒத்துப்போன பிறகுதான் மூலத்தை அழிக்கலாம். அதுவரை இரண்டு விளக்குகளும் எரியட்டும்.