எண் தீர்ப்பாகுமா?

நீதிமன்றத்திலே நிற்பவன் கொலைகாரனேயாயினும், அவனுக்குத் தண்டனை விதிக்கும் நீதிபதி, காரணங்களை எழுதிக் கையெழுத்திட்டாக வேண்டும். கல்லூரியிலே மூன்றாண்டு பயின்ற மாணவனோ குற்றமேதும் செய்யாதவன். அவனுக்குக் கிடைப்பது வெறும் எண்! 38! தோல்வி! ஏன் 38? ஏன் 40 ஆகவில்லை? பதில் இல்லை. மூன்று மணி நேரம் மாணவனை வினாக்களால் வாட்டும் பல்கலைக்கழகம், அவன் கேட்கும் ஒரே வினாவுக்கு வாய் திறப்பதில்லை!

எண் பொய் சொல்லாது என்பர். எண்ணை இடும் கை தடுமாறுவதுண்டே! இங்கிலாந்திலே ஹார்ட்டாக், ரோட்ஸ் எனும் அறிஞர் இருவர் 1935ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வைக் காணுங்கள். பள்ளித் தேர்வின் வரலாற்று விடைத்தாள்கள் 15. திருத்துவோர் 14 பேர். ஓராண்டுக்கு மேல் கழிந்தபின், அதே தாள்கள் அதே கரங்களுக்குத் திரும்பின. தோல்வி, தேர்ச்சி, சிறப்பு என வழங்கிய 210 தீர்ப்புகளில் 92, முன்னர்க் கூறியதற்கு மாறானவை! தாள் மாறவில்லை, எழுத்து மாறவில்லை. மாறியது திருத்தியோர் மனம்! பள்ளித் தாளுக்கே இக்கதியெனில், கருத்தும் கருத்தும் மோதும் கல்லூரித் தாளுக்கு?

திருத்தும் ஆசிரியரைத் தூற்ற இதைக் கூறவில்லை. மனிதர் தவறக்கூடியவர், அதனாலேதான் காரணம் கூறும் கடமை பிறக்கிறது.

இராதாகிருஷ்ணன் தலைமையிலே 1948–49இல் ஆய்ந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஒரே ஒரு சீர்திருத்தம்தான் கூறலாமெனில், அது தேர்வுச் சீர்திருத்தமே என்றது. 2011இலே உச்ச நீதிமன்றம், தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, திருத்திய விடைத்தாளைக் காணும் உரிமை மாணவனுக்கு உண்டென்றது. பூட்டிய கதவு திறந்தது. உள்ளே கண்டதென்ன? பல தாள்களில், சிவப்பு மையிலே ஒரு கோடு, ஓரத்திலே ஓர் எண்! காணும் உரிமை வந்தது, காரணம் வரவில்லை.

வழி இல்லையா? உண்டு. எதை அளக்கிறோம் என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள். ஒருவர் இட்ட மதிப்பெண்ணை அறியாது மற்றொருவரும் திருத்தட்டும். எது நன்று, எது குறை என இரண்டு வரி எழுதட்டும். பருவம் முடிந்து பயனற்றுப் போனபின் அல்ல, திருத்திக்கொள்ளக் காலம் இருக்கும்போதே தாள் மாணவன் கைக்குத் திரும்பட்டும்.

"கட்டுக் கட்டாகத் தாள்! நேரமேது?" என்பர். தேர்வைக் குறையுங்கள், ஆசிரியரைக் கூட்டுங்கள்! நேரமில்லை என்பதற்காக நீதியைக் குறைப்பது எந்த ஊர் நியாயம்?

காரணமற்ற தீர்ப்புக்குத் தலைகுனியப் பழகியவன், நாளை தான் நாற்காலியில் அமரும்போது காரணமற்ற தீர்ப்பையே வழங்குவான். "ஏன்?" என்று கேட்கக் கற்பிப்பதற்கே கல்லூரி. அந்தக் கேள்வி, தேர்வு மண்டபத்து வாயிலிலேயே மடியலாமா?